மணல் தூணில் எண்ணெய்ச் சோதனை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நிலத்தில் சிந்திய டீசலும் பெட்ரோலும், உலோகப் பாகங்களைக் கழுவப் பயன்படும் குளோரின் கரைப்பான்களும் மண்ணுக்குள் எப்படி இறங்குகின்றன என்பதை ஆய்வகத்தில் பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குழாய், சலித்த மணல், ஒரு பம்பு, ஒரு தராசு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனாலும் முதல் முறை செய்கிறவருக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் ஒழுங்காக வருவதில்லை. எண்ணெய் (கரைப்பான்களையும் இங்கே எண்ணெய் என்றே சொல்கிறேன்), நீர், காற்று ஆகிய மூன்றும் ஒரே நுண்துளைக்குப் போட்டியிடுகின்றன; அந்தப் போட்டியில் யார் வென்றார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. எதிர்பாராத முடிவு ஒன்று வந்ததும் மாணவர்கள் மண்ணைக் குறை சொல்லத் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை குற்றவாளி காற்றாகவோ குழாய்ச் சுவராகவோ இணைப்புக் குழாயாகவோ இருந்திருக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் அவற்றையும், பிறகு எண்ணெயையும், கடைசியில்தான் மண்ணையும் சந்தேகித்திருக்கிறேன். சில அறிகுறிகள் பிழையே அல்ல என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே தூணை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 30 செ.மீ. கொண்ட கண்ணாடிக் குழாயின் கொள்ளளவு 589 மி.லி. அதில் 968 கிராம் உலர்ந்த குவார்ட்சு மணல் அடங்கியதாகக் கொள்வோம். குவார்ட்சின் அடர்த்தி 2.65 என்பதால் மணல் துகள்கள் மட்டும் 365 மி.லி. இடத்தை எடுத்துக்கொள்ளும், மீதமுள்ள 224 மி.லி. நுண்துளை வெளியாகும், அதாவது மொத்தத்தில் 38 சதவீதம். இந்தியாவில் சிமெண்ட் சோதனைக்கென்று ஐ.எஸ். 650 தர நிர்ணயத்தின்படி விற்கப்படும் எண்ணூர் மணல் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. அது மூன்று தரங்களாகக் கிடைக்கிறது: 2 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை, 1 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரை, 0.5 மி.மீ. முதல் 0.09 மி.மீ. வரை. துகள் அளவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் பிழை தேடும்போது ஒரு சந்தேகம் குறையும்.

நீர் நிரப்பிய பிறகும் எடை கணக்குக்கு வரவில்லை. நீரோட்டம் நாளுக்கு நாள் குறைகிறது

தூணைக் காலியாகவும், மணல் நிரப்பியும், நீர் நிரப்பியும் மூன்று முறை எடை போட்டிருக்க வேண்டும். நம் தூணில் நீர் முழுமையாக நிரம்பினால் எடை சுமார் 223 கிராம் கூட வேண்டும். 205 கிராம்தான் கூடியிருக்கிறது என்றால், நுண்துளை வெளியில் எட்டு சதவீதத்தைக் காற்று பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். இந்தக் காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியோரம் தெரியும் வெள்ளி நிறப் புள்ளிகள் அவற்றில் ஒரு சிறு பகுதியே.

இதற்கு நிவாரணம் நீர் விடுவதற்கு முன்பே தொடங்குகிறது. உலர்ந்த மணலின் அடிப்பக்கத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெதுவாக, தூணின் நுண்துளைக் கொள்ளளவைப் போல் பத்து மடங்காவது செலுத்த வேண்டும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலிருந்து எழும்பி, காற்றை மேல்வழியாகத் தள்ளிவிடும். பிறகு சிக்கிக்கொள்ளும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடாகவே இருக்கும். 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 0.9 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும், காற்றையோ 20 மி.லி. அளவுக்குக்கூடக் கரைத்துக்கொள்வதில்லை. அதன்பின் காற்று நீக்கிய நீரை, அதையும் அடியிலிருந்தே, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மி.லி. வேகத்தில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் நீர் பெரிய துளைகள் வழியாக முன்னே ஓடி, சிறிய துளைகளில் வாயுவைப் பூட்டிவிடும்.

ஆரம்பத்தில் எடை சரியாக இருந்து, மூன்றாம் நாளில் ஓட்டம் குறைந்தால் காரணம் வேறு. குளிரூட்டிய அறையில் வைத்திருந்த நீர், மாலையில் இயந்திரத்தை அணைத்த பிறகு சூடாகிறது. சூடான நீரில் காற்று குறைவாகவே கரைந்திருக்க முடியும் என்பதால் மிச்சம் குமிழியாக வெளியேறி மணலுக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது. சென்னைபோன்ற ஊர்களில் இது அன்றாடம் நடப்பதாகும். நீரைத் தூணைவிடச் சற்றுச் சூடான நிலையில் வைத்திருப்பதும், அறை வெப்பநிலையை இரவும் பகலும் மாற்றாமல் விடுவதும் எளிய தீர்வு. வெப்பநிலை மாறாமல் இருந்தும் ஓட்டம் குறைகிறது, வெளியேறும் நீர் லேசாக நாறுகிறது என்றால் நுண்ணுயிர்கள் வளர்ந்துவிட்டன. டீசல் அவற்றுக்கு நல்ல உணவு.

ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், சிப்பித் துண்டுகள் நிறைந்த கடற்கரை மணலிலும் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தக் கூடாது. நீருடன் சேர்ந்து அமிலமாகி அது மண்ணையே கரைக்கத் தொடங்கும். அங்கே வெற்றிடப் பம்பால் காற்றை உறிஞ்சியபின் நீர் விடுவதே சரி. கண்ணாடிக் குழாய் வெற்றிடத்தைத் தாங்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் மணலுக்குள் போகாமல் சுவரோரமாக வழிகிறது

வழவழப்பான சுவரை ஒட்டி மணல் துகள்கள் நெருக்கமாக அடங்குவதில்லை. அங்கே துளைகள் பெரிதாக இருக்கும். பெரிய துளை என்றால் நுழைவுத் தடை குறைவு, ஆகவே எண்ணெய் அந்த வழியையே தேர்ந்தெடுக்கும். குழாயின் விட்டம் துகளின் விட்டத்தைப் போல் 40 மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். எண்ணூர் மணலின் முதல் தரத்தை 5 செ.மீ. குழாயில் போட்டுவிட்டுச் சுவரோர ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. அங்கே விகிதம் 25 முதல் 50 வரையே வருகிறது.

விகிதம் சரியாக இருந்தும் எண்ணெய் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினால், சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். சுத்தமான கண்ணாடி நீரை விரும்பும்; அக்ரிலிக் எண்ணெயை விரும்பும். அக்ரிலிக் குழாயில் டீசல் சுவரோரம் படர்வது மண்ணின் இயல்பைக் காட்டவில்லை, பிளாஸ்டிக்கின் இயல்பையே காட்டுகிறது. டீசலுக்காவது சில மணி நேரம் அக்ரிலிக் தாங்கும். பெட்ரோலில் உள்ள டொலுயீனோ குளோரின் கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீனோ பட்டால் சுவர் மங்கி, வெடிப்புக் கோடுகள் விழுந்து, கடைசியில் பிசுபிசுத்துப்போகும். அக்ரிலிக் தகடுகளை ஒட்டுவதற்கே குளோரின் கரைப்பான்கள் பயன்படுகின்றன என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்தத் தவறு நேராது. கண்ணாடியிலும் சுவரோர ஓட்டம் தொடர்ந்தால், உட்சுவரில் மெல்லிய சிலிக்கோன் பசை தடவி அதே மணலை ஒட்டவிட்டு, காய்ந்தபின் தூணை நிரப்பலாம். உள்ளே நடப்பது அதன்பின் தெரியாது. கண்ணால் பார்க்கும் வசதி வேண்டுமா, நம்பத்தகுந்த எண் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெய் சம இடைவெளியில் கிடைமட்டக் கோடுகளாகப் படிகிறது

இது இயற்கையான அடுக்கு அல்ல. மணல் நிரப்பிய கையின் தடம். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை சென்டிமீட்டர் மணல் போட்டீர்களோ அதே அளவு வரும். உலர்ந்த மணலாக நிரப்பாமல், நீருக்குள் மணலைக் கொட்டும்போது பெரிய துகள்கள் முதலில் இறங்கி, தூசி போன்ற நுண்துகள்கள் கடைசியில் மெல்லிய தகடாகப் படிகின்றன. அடுத்த தவணை மணல் அதன்மேல் விழுகிறது. அந்தத் தகட்டின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் இறங்கிவரும் எண்ணெய் அங்கே நின்று பக்கவாட்டில் பரவுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி இந்தக் கோடுகளைப் படமெடுத்து, அறிக்கையில் அடுக்கு மண்ணின் விளைவு என்று எழுதிக்கொண்டுவந்தார். அளவுகோலைக் கொடுத்ததும் கோடுகள் சரியாக 3 செ.மீ. இடைவெளியில் இருந்தன, அவருடைய கரண்டியின் கொள்ளளவும் அதுதான். மணலை நன்கு கழுவித் தூசியை நீக்குவது, நீர்மட்டத்தை மணல் மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாமல் வைத்துக்கொள்வது, புதிய தவணை போடுமுன் பழைய மேற்பரப்பை மெல்லிய கம்பியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிவிடுவது ஆகிய மூன்றையும் செய்தால் கோடுகள் மறையும். குழாயை ரப்பர் சுத்தியால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரே எண்ணிக்கையில் தட்டுங்கள்.

எண்ணெய் மேலேயே நிற்கிறது, இறங்கவில்லை

பம்பைப் பழுதென்று கழற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். நீர் நிரம்பிய துளைக்குள் எண்ணெய் நுழையத் தேவையான அழுத்தம், இரண்டும் சந்திக்கும் பரப்பில் உள்ள இழுவிசையின் (இடைமுக இழுவிசை) இருமடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். குளோரின் கரைப்பானான டெட்ராகுளோரோஎத்திலீனுக்கும் நீருக்கும் இடையே இந்த இழுவிசை மீட்டருக்கு 0.045 நியூட்டன் என்று கொள்வோம். துளையின் ஆரம் 0.05 மி.மீ. என்றால் தேவையான அழுத்தம் 1,800 பாஸ்கல். அந்தக் கரைப்பானின் அடர்த்தி 1.62, நீரைவிடக் கூடுதலான எடையால் மட்டுமே இந்த அழுத்தத்தைத் தர வேண்டுமானால் மணலின்மேல் ஏறத்தாழ 30 செ.மீ. ஆழத்துக்கு அது தேங்கி நிற்க வேண்டும். ஆரம் 0.25 மி.மீ. என்றால் 6 செ.மீ. போதும். ஐந்து சென்டிமீட்டர் ஊற்றிவிட்டு நுண்மணலுக்குள் இறங்கவில்லை என்று வருந்துவது கணக்குப் போடாததன் விளைவு. ஆகவே இந்த அறிகுறியைப் பிழைப் பட்டியலில் சேர்க்கவே தயங்குகிறேன். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ஃபிரீட்ரிக் ஷ்வில்லே 1970-களிலும் 80-களிலும் கண்ணாடித் தொட்டிகளில் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்ததும் இதுவே: கனமான கரைப்பான் நுண்மணல் அடுக்கை எட்டியதும் அதன்மேல் குளமாகத் தேங்கி, விளிம்பு கிடைக்கும்வரை பக்கவாட்டில் நகர்ந்தது.

டீசலில் இந்தக் குழப்பம் வேறு வடிவில் வரும். நீர்மட்டத்தைத் தூணின் அடிக்கு இறக்கி, ஒரு நாள் வடியவிட்டு, மேலே உள்ள மணல் காய்ந்துவிட்டது என்று நம்பி டீசலை ஊற்றுகிறோம். அது தயங்கி மேலேயே நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசையை 0.072 என்று வைத்து அதே 0.05 மி.மீ. ஆரத்துக்குக் கணக்கிட்டால், நீர் நுண்புழை விசையால் 29 செ.மீ. உயரம்வரை தானாகவே ஏறி நிற்கும். அதாவது நம் 30 செ.மீ. தூணில் உலர்ந்த மணலே இல்லை. வடிந்ததாக நாம் நினைத்த தூண் முழுதும் நீரால் நிரம்பியிருக்கிறது. இதையும் எடை காட்டிக்கொடுக்கும்: வடியவிட்ட பிறகு எத்தனை கிராம் குறைந்தது என்று பார்த்தால் போதும். நீளமான தூணையோ பருமணலையோ எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது வெளிக்குழாயின் முனையைத் தூணின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கி நீரை இழுத்து வடியுங்கள்.

எண்ணெய் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மறுமுனையில் வந்துவிடுகிறது

நுண்துளைக் கொள்ளளவில் கால் பங்கு செலுத்துவதற்குள் எண்ணெய் வெளியே வந்தால், அது அகன்ற முகப்பாக நகரவில்லை, விரல் விரலாகப் பிரிந்து ஓடியிருக்கிறது. முதலில் எந்தத் திசையில் செலுத்தினீர்கள் என்று பாருங்கள். நீரைவிடக் கனமான எண்ணெயை மேலிருந்து செலுத்தினால் புவியீர்ப்பே அதைக் கிழித்துக் கீழே இழுக்கும். கனமானதை அடியிலிருந்து மேலாகவும், டீசலைப் போன்ற இலேசானதை மேலிருந்து கீழாகவும் செலுத்தினால் முகப்பு சமமாக நகரும். பிறகு நீரால் எண்ணெயை வெளியேற்றும் கட்டத்தில் திசையை மாற்ற வேண்டும்: டெட்ராகுளோரோஎத்திலீன் தூணுக்கு நீர் மேலிருந்தும், டீசல் தூணுக்கு நீர் அடியிலிருந்தும் வர வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மணல் சீராக இல்லை என்று தூணைக் கலைத்தவர்களில் நானும் ஒருவன்.

திசை சரியாக இருந்தும் டீசலை நீரால் தள்ளும்போது விரல்கள் தோன்றினால் அதற்குப் பாகுநிலை காரணம். டீசல் நீரைவிட இரண்டு மூன்று மடங்கு பிசுக்கானது. இலகுவாக ஓடும் நீர் அதைத் துளைத்துக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்தால் நிலைமை மேம்படும், முழுதாக மறையாது. நிலத்தில் உண்மையில் நடப்பதைக் காண்பதே நோக்கம் என்றால் விரல்களை ஒழிக்க முயலாமல், அவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள்.

எல்லாம் ஒன்றுபோலச் செய்தும் மணலில் எஞ்சும் எண்ணெயின் அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

அதிக நேரத்தைத் தின்னும் அறிகுறி இது. சீரான மணலில் நீர் செலுத்தி முடித்த பிறகு நுண்துளை வெளியில் பத்து முதல் இருபது சதவீதம் வரை எண்ணெய் தனித்தனிக் குமிழ்களாகச் சிக்கி நிற்பது வழக்கம். நம் தூணில் அது 22 முதல் 45 மி.லி. ஆகும். ஒரு முறை 24, மறுமுறை 38 என்று வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

முதலில் இணைப்புக் குழாய்கள். உள்விட்டம் 3 மி.மீ. உள்ள ஒரு மீட்டர் குழாயில் 7 மி.லி. திரவம் நிற்கும். பம்பிலிருந்து தூணுக்கு ஒரு மீட்டர், தூணிலிருந்து சேகரிக்கும் பாத்திரத்துக்கு இன்னொரு மீட்டர் என்றால் 14 மி.லி. இந்த எண்ணெயைத் தூணுக்குள் போனதாகவோ வெளியே வந்ததாகவோ கணக்கில் எழுதினால், தேடும் விடையில் பாதி அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். குழாய்களைக் குட்டையாக வெட்டுங்கள். சோதனைக்கு முன்பு அவற்றை மட்டும் தனியே நிரப்பி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் குழாய் டீசலை உறிஞ்சி உப்பும்; உப்பிய பிறகு பம்பின் ஓட்ட அளவும் மாறிவிடும். வைட்டான் அல்லது டெஃப்லான் குழாய் விலை கூடுதல் என்றாலும் இந்த வேலைக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது, தராசு. டெட்ராகுளோரோஎத்திலீன் ஒரு மி.லி. நீரை வெளியேற்றி அமர்ந்தால் தூணின் எடை 0.6 கிராமுக்கு மேல் கூடும். அதைத் தராசு எளிதாகக் காட்டும். டீசலின் அடர்த்தி ஏறத்தாழ 0.83 என்பதால் ஒரு மி.லி.க்கு 0.17 கிராம் மட்டுமே குறையும். ஒரு கிராம் தவறாக எடை போட்டால் ஆறு மி.லி. டீசல் தவறிப்போகும். குழாய்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதோ, தாங்கியின் திருகு தராசின் விளிம்பைத் தொடும்போதோ எடை போடாதீர்கள். இரு முனைகளின் அடைப்பான்களையும் மூடி, குழாய்களைக் கழற்றி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் மூன்று முறை வையுங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ சொட்டுகிறது.

மூன்றாவது, நீரின் வேகம். வேகத்தை நீரின் பாகுநிலையால் பெருக்கி, இடைமுக இழுவிசையால் வகுத்தால் கிடைக்கும் நுண்புழை எண், பத்தாயிரத்தில் ஒரு பங்கை நோக்கி நெருங்க நெருங்கச் சிக்கிய குமிழ்கள் நகரத் தொடங்கும். நம் தூணில் நிமிடத்துக்கு 10 மி.லி. நீர் விட்டால், இழுவிசையைக் குறைக்கும் பொருள் எதுவும் இல்லாதபோது, இந்த எண் பத்து லட்சத்தில் இரண்டு அளவில்தான் இருக்கும், கவலையில்லை. ஆனால் பாத்திரம் கழுவிய சோப்பின் மிச்சம் இழுவிசையை 0.001-க்கு இறக்கிவிட்டால் அதே வேகத்தில் எண் நாற்பத்தைந்து மடங்கு உயர்ந்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஏறத்தாழத் தொட்டுவிடும். அவ்வளவு கீழே இறங்குவதற்குச் சோப்பு நிறைய வேண்டும் என்பது உண்மை; இருந்தாலும் மிகச் சிறிதளவு மிச்சமே இழுவிசையைப் பாதியாக்கி, ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் வேறுபாட்டை உண்டாக்கப் போதும். கண்ணாடிப் பாத்திரங்களைக் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் பல முறை அலசுவதில் சோம்பல் வேண்டாம்.

நான்காவது, அளவுக் குவளை. வெளிவரும் திரவத்தில் எண்ணெயும் நீரும் பாலாகக் கலந்திருந்தால் அப்போதே கோட்டைப் படிக்கக் கூடாது. மூடி வைத்து மறுநாள் படியுங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் மையவிலக்குக் கருவியில் போட்டுப் பிரித்தெடுங்கள்.

அதே மணல் இரண்டாம் முறை வேறு மாதிரி நடந்துகொள்கிறது

முதல் சோதனையில் நீரை விரும்பிய மணல், எண்ணெய் பட்டு உலர்ந்தபின் எண்ணெயை விரும்பத் தொடங்கிவிடும். டீசலில் உள்ள கனமான கூறுகள் துகளின்மேல் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: உலர்ந்த மணலைச் சமமாகப் பரப்பி ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. மணியாக உருண்டு நின்றால் அந்த மணலைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண உலர்த்தும் அடுப்பின் 105 டிகிரி வெப்பம் டீசலின் கனமான கூறுகளை விரட்டாது. புகை வெளியேற்றும் வசதியுள்ள உலையில் 550 டிகிரியில் சுட்டால் படலம் எரிந்துபோகும், ஆனால் புது மணல் வாங்குவதே மலிவு. குளோரின் கரைப்பான் பட்ட மணலை எந்த அடுப்பிலும் வைக்கவே கூடாது. சூடான பரப்பில் அதன் ஆவி நச்சு வாயுக்களாகச் சிதையும்.

சாயம் ஓர் இடத்தில், எண்ணெய் வேறோர் இடத்தில்

நிறமற்ற எண்ணெயைக் கண்ணால் பார்ப்பதற்குச் சூடான் 4 என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்ப்பது நடைமுறை. அது நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனினும் அது வெறும் பார்வையாளர் அல்ல. சாயம் இடைமுகத்தில் சேர்ந்து இழுவிசையைக் குறைக்கும். அளவு கூடினால் துகள்களின் ஈரமாகும் தன்மையையும் மாற்றும். சாயமிட்ட எண்ணெய் நுண்மணலுக்குள் இறங்கி, சாயமிடாத எண்ணெய் இறங்காமல் நின்றால் காரணம் இதுவே. லிட்டருக்கு 0.1 கிராம் என்ற அளவைத் தாண்டாமல், சாயம் சேர்த்த பிறகு இழுவிசையை மீண்டும் அளந்து, அந்த மதிப்பையே எல்லாக் கணக்கிலும் பயன்படுத்துங்கள். எண்ணெய் வெளியேறிய பிறகும் மணல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதை எஞ்சிய எண்ணெய் என்று படக்கணிப்பு மென்பொருள் எண்ணிவிடும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு கரண்டி மணலைத் தோண்டி, கரைப்பானில் பிரித்தெடுத்து அளந்து சரிபார்க்காமல் படத்தை நம்பாதீர்கள்.

வெளிவரும் நீரில் கரைந்த அளவு புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவு

பெட்ரோல் வைத்த தூணிலிருந்து வரும் நீரில் பென்சீன் லிட்டருக்கு 1,780 மி.கி. இருக்கும் என்று எதிர்பார்த்து, 15 மி.கி. கண்டு கருவியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. கருவி சரியாகத்தான் இருக்கிறது. 1,780 என்பது தூய பென்சீனின் கரைதிறன். கலவையில் அது மூலக்கூறு எண்ணிக்கையில் ஒரு சதவீதம்தான் இருக்கிறது என்றால், நீரில் கரையக்கூடியதும் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது 18 மி.கி. அளவில்தான் இருக்கும். 2013-இல் சென்னையின் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்தபோதும், யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதும் மக்கள் முதலில் கண்டது மிதக்கும் எண்ணெயையும் அதன் வாடையையும்தான். நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் பயணிக்கும் பகுதியை அளப்பதற்கு இந்தக் கணக்கு அவசியம். சுன்னாகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, அதில் திரவங்கள் வெடிப்புகள் வழியாக ஓடும். மணல் தூணில் கிடைத்த மதிப்பை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

தூய கரைப்பான் வைத்தும் அளவு குறைவாக வந்தால் இரண்டு காரணங்கள் எஞ்சும். நீர் வேகமாக ஓடி, கரைவதற்கு நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம். பம்பை ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் முதலில் வரும் நீரை அளந்து பாருங்கள். அளவு எகிறினால் இதுவே காரணம். எகிறவில்லை என்றால் மாதிரி எடுக்கும் முறையில்தான் ஓட்டை: குப்பியில் மேலே காற்று இடைவெளி விட்டிருப்பீர்கள், கரைந்தது ஆவியாகி அங்கே போயிருக்கும். குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி, டெஃப்லான் உறையுள்ள மூடியால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி மேலே ஏறினாலும் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு எடுங்கள். கொட்டுவதும் சாக்கடையில் அல்ல, மூடியுள்ள கழிவுக் குடுவையில்; டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று, ஆகவே குப்பியைத் திறப்பதும் மூடுவதும் புகைப்போக்கிப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

போட்ட எண்ணெய்க்கும் கிடைத்த எண்ணெய்க்கும் கணக்கு உதைக்கிறது

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறை இருந்தால் தூணைக் கலைக்காதீர்கள். முனைகளில் வைத்த கம்பி வலையையும் வடிதாளையும் முதலில் எடுத்து, அவற்றை மட்டும் தனியே கரைப்பானில் ஊறவைத்து அளவிடுங்கள். மெல்லிய வடிதாளில் நாலைந்து மி.லி. டீசல் ஒளிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ரப்பர் அடைப்பானை எடைபோட்டு, சோதனைக்கு முந்தைய எடையுடன் ஒப்பிடுங்கள். அதன்பிறகு மணலை மேலிருந்து 3 செ.மீ. துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போட்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு எண்ணெய் என்று எழுதுங்கள். வெளியேறும் முனையை ஒட்டிய துண்டில் மட்டும் எண்ணெய் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது முனை விளைவு. அந்தத் துண்டை நீக்கிவிட்டு மீதித் தூணுக்கு மட்டும் கணக்கை எழுதி, நீக்கியதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். எல்லாத் துண்டுகளிலும் சமமாகக் குறைந்தால் ஆவியாகிப் போனதுதான். அடுத்த தூணுக்கு அடைப்பானை மாற்றுங்கள்.